மைமூனா வீட்டுச் சுகர்

மைமூனாவின் வீட்டில் சீனிக்கு ஒருநாளும் குறைவில்லை. சீனி என்ற சொல்தான் இல்லை. அந்தச் சொல்லை அவள் வாயிலிருந்து எவரும் கேட்டு ஏழு வருஷமாகிவிட்டது. அவளைக் கட்டிய மனுஷனுக்கு அவருடைய வாப்பா சீனிமுகம்மது என்று பெயர் வைத்துத் தொலைத்ததுதான் காரணம்.

புருஷனின் பெயரைப் பெண்சாதி வாயால் சொன்னால் அவனுக்கு ஆயுசு குறையும் என்று கல்முனைக்குடிப் பெண்கள் நம்பினார்கள். நம்பினாலும் மற்றவர்களுக்கு அதில் பெரிய கஷ்டம் இருக்கவில்லை. புருஷனின் பெயர் ஜவுபர் என்றால், கடைக்குப் போய் அரைக் கொத்து ஜவுபர் கேட்க வேண்டிய தேவை ஒருத்திக்கும் வராது. மைமூனாவுக்கு வாய்த்ததோ நாளுக்கு மூன்று தரம் தேத்தண்ணிக்குள் விழுகிற பெயர். அவள் அந்தப் பெயரை இரண்டாகப் பிரித்து யோசித்துப் பார்த்தாள். முகம்மது என்பது நபியவர்களின் பெயர்; அதைச் சொல்லாமல் பாங்கும் இல்லை, தொழுகையும் இல்லை. அதை விலக்க ஏலாது. மிஞ்சியது முன்பாதி. ஆகவே விலக்க வேண்டியது சீனிதான் என்று, மாப்பிள்ளை அவள் வீட்டுக்குக் குடிவந்த முதல் கிழமையிலேயே தீர்ப்பாகிவிட்டது. எந்தக் காதியாரும் இதைவிட ஒழுங்காக வழக்குத் தீர்த்திருக்க மாட்டார்.

தீர்ப்புச் சொல்வது சுகம். அதை வைத்துக்கொண்டு சீவிக்க வேண்டுமே! அது எழுபத்து நாலாம் ஆண்டு, இலங்கையில் சீனியைக் கூப்பனுக்கு அளந்து கொடுத்த காலம். சங்கக்கடை வரிசையில் ஒரு மணித்தியாலம் நின்று, தன் முறை வந்ததும், "அது தாங்க" என்றாள். எது என்று கேட்டார்கள். "தேத்தண்ணிக்குப் போடுற" என்றாள். தேயிலையை நிறுத்துக் கொடுத்துவிட்டார்கள். மறுநாள் தெருமுனையில் கோணாமலையின் கடைக்குப் போய், "வெள்ள மண் ஒரு றாத்தல் தாங்க அண்ணன்" என்றாள்.

"வெள்ள மண்ணா? கடற்கரையில கெடக்கே தங்கச்சி, அதுக்கு றாத்தல் என்னத்துக்கு, சும்மா அள்ளலாம்" என்றார் கோணாமலை.

சக்கரை என்று கேட்டுப் பார்த்தாள். ஓலையில் சுற்றிய சக்கரைக் கட்டியைத் தூக்கி வைத்தார். சக்கரை வேறு, சீனி வேறு என்பதில் இந்தக் கரைக்காரர் யாரும் விட்டுக்கொடுக்க மாட்டார்கள். இப்படியே இழுபட்டு இழுபட்டு, ஒரு நாள் வீட்டில் விருந்தாளிகள் காத்திருக்க, கோணாமலை ஒவ்வொரு போத்தலாகத் தட்டிக் காட்டி இதுவா அதுவா என்று கேட்டுக்கொண்டு நின்றபோது, அவளுக்குப் பொறுமை அற்றுப்போயிற்று. "சீனி! சீனி தாங்க!" என்று தெருவுக்கே கேட்கக் கத்திவிட்டாள்.

அந்தக் கிழமையே, சீனிமுகம்மது வேலை பார்த்த பேக்கரியின் அடுப்பில் அவருடைய வலது கை வெந்துபோனது. மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை தோல் உரிந்து, வாழையிலையில் கிடத்தி ஒன்றரை மாதம் வைத்தியம் பார்த்தார்கள். அதற்குப் பிறகு மைமூனாவிடம் நியாயம் பேச ஒருவராலும் முடியவில்லை. பேசியவர்களுக்கு அவள் அந்தத் தழும்பைக் காட்டினாள்.

அவளைக் காப்பாற்றியது ஸம்ஸியா. இருவரும் ஐந்தாம் வகுப்புவரை ஒரே வாங்கில் இருந்து படித்தவர்கள். மைமூனா அதோடு நின்றுகொண்டாள். ஸம்ஸியா படித்து இங்கிலீஷ் டீச்சராகி, இப்போது இரண்டு வளவு தள்ளிக் குடியிருந்தாள். சிநேகிதி கடையில் படுகிற பாட்டைக் கேட்டு வயிறு வலிக்கச் சிரித்துவிட்டு, "இதுக்கு இங்கிலீஷ்ல ஷுகர் எண்டு ஒரு பேர் இரிக்கி புள்ள. அத வெச்சிக்க. ஒண்ட மனுசனுக்கு ஒரு சேதமும் வராது" என்றாள்.

மைமூனாவின் நாக்கில் அது சுகர் என்று படிந்தது. அவளுக்குத் தெரிந்த ஒரே இங்கிலீஷ் அதுதான். ஆனால் அந்த ஒன்றை அவள் வைத்து ஆண்ட மாதிரி இங்கிலாந்து ராணியும் ஆண்டிருக்க மாட்டாள். கோணாமலை தலை நிமிராமலே சுற்றிக் கொடுக்கப் பழகினார். வளவுப் பெண்கள் வேடிக்கைக்குச் சொல்லத் தொடங்கி, பிறகு வேடிக்கை மறந்து சொன்னார்கள். மகள் றாஹிலாவைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது, வாப்பாவின் பெயரைக் கேட்பார்கள் என்று பயந்து மைமூனா பிள்ளைக்கு முன்கூட்டியே பாடமாக்கிக் கொடுத்திருந்தாள். பிள்ளையும் எழுந்து நின்று கணீரென்று "சுகர்முகம்மது" என்றது. பெயர் இடாப்பில் மை காயுமுன் ஸம்ஸியா டீச்சர் ஓடிப்போய்த் திருத்தாவிட்டால் அந்தப் பிள்ளை இன்றைக்கும் சுகர்முகம்மதுவின் மகள்தான்.

சீனிமுகம்மதுவுக்கு இதில் கொஞ்சமும் கோபமில்லை. பேக்கரியிலிருந்து வந்து, உடம்பெல்லாம் மா வாசத்தோடு குசினி வாசலில் குந்தி, "இங்கிலீஷ்காரிட கையால சுகர் போட்ட தேத்தண்ணி ஒண்டு கெடைக்குமா?" என்பார். அவளுக்கு உச்சி குளிர்ந்துவிடும். அந்த மனுஷனின் மேல் அவளுக்கு இருந்த ஆசையைச் சொல்லி மாளாது. பெயரைத்தான் சொல்லவில்லை, மற்றதையெல்லாம் சொன்னாள்.

எண்பதாம் ஆண்டு தொடக்கத்தில் அவர் சவூதி அரேபியாவின் ஜித்தாவில் ஒரு பேக்கரிக்கு வேலைக்குப் போனார். இரண்டு வருஷ ஒப்பந்தம். மாதம் ஒரு கடிதம் வந்தது. மைமூனாவும் மாதம் ஒரு கடிதம் எழுதினாள். ஸம்ஸியா எழுதிக் கொடுத்த விலாசத்தைப் பார்த்துப் பார்த்து, பெயர் முழுவதையும் இங்கிலீஷில் கோலம் போடுவதுபோல் கீறி ஒட்டினாள். எழுதுவதில் தோஷமில்லை. அதுவும் அவளுடைய தீர்ப்புத்தான்.

பதினாலு மாதம் கழித்து ஒரு திங்கட்கிழமை, ஜித்தாவில் சாரதி வேலை பார்த்து லீவில் வந்த அபுல் ஹஸன் என்பவர், கேசட் போடவும் பதியவும் கூடிய ஒரு றேடியோவையும், கடதாசியில் சுற்றிய கேசட் ஒன்றையும், ஒன்றும் பதியாத வெறுங் கேசட் ஒன்றையும் கொண்டுவந்து கொடுத்தார். வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்குப் பிறகு தான் திரும்புவதாகவும், பதில் கேசட் இருந்தால் அதற்குள் தரும்படியும் சொல்லிவிட்டுப் போனார். மைமூனா ஸம்ஸியாவைக் கூப்பிட்டு, அறைக் கதவைச் சாத்தி, பொத்தானை அமுக்கினாள். முதலில் இரைச்சல். பிறகு அவர்.

"மைமூனா, அஸ்ஸலாமு அலைக்கும். நான்தான் கதைக்கிறன். சுகமா இரிக்கன். புள்ளைக்குப் பல்லு விழுந்த எண்டு எழுதியிருந்தாய், அத நெனச்சி நெனச்சிச் சிரிச்சன்." தொண்டையைச் செருமினார். "இஞ்ச பேக்கரியில முகம்மது எண்டு நாங்க அஞ்சு பேர். சூடான் ஆள் ஒண்டு, யெமன் ஆக்கள் ரெண்டு, பாகிஸ்தான் ஒண்டு, நான் ஒண்டு. எகிப்துக்காரப் பாஸ் ஒருத்தர், அவர் 'யா முகம்மது' எண்டு கூப்பிட்டா அஞ்சு பேரும் திரும்புவம். என்ட பேர்ட முன்பாதி ஒருத்தருக்கும் தெரியா. சொல்லிக் குடுத்தன், அவங்கட வாயில நிக்கிதில்ல. பாஸ்போட்டுல மட்டும்தான் இரிக்கி. அதையும் மொதலாளி வாங்கிப் பூட்டி வெச்சிட்டார்."

அவருக்குப் பின்னால் யாரோ தட்டுகளை அடுக்குகிற சத்தம் கேட்டது.

"பதினாலு மாசமா ஒருத்தரும் அத சொல்லல்ல, மைமூனா. சூடு பரவால்ல, வேல பரவால்ல. கண்ணாடியப் பாத்தாத்தான் ஒரு மாதிரி இரிக்கி. ஆரோ ஒரு முகம்மது நிக்கிறான். நான் ஆரெண்டு எனக்கே மறந்து போயிடும் போல. இன்னும் பத்து மாசம் இரிக்கி. நீ ஒருக்காச் சொல்லி அனுப்பு. ஒண்ட வாயால. ஒரே ஒருக்கா. அத வெச்சிக் கொண்டு மிச்ச நாளத் தள்ளிடுவன். எனக்கு ஒண்டும் ஆகாது, பயப்புடாத."

கேசட் முடிந்து பொத்தான் தானாகத் துள்ளி எழுந்தது. மைமூனாவின் கண்ணீர் தாடையிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. ஸம்ஸியாவும் முந்தானையால் மூக்கைத் துடைத்தாள்.

"சொல்லிடு புள்ள. மார்க்கத்துல அப்பிடி ஒரு தடையும் இல்ல" என்றாள்.

"மார்க்கத்துல இல்ல. கையில இரிக்கே, தழும்பு."

"அது அடுப்புச் சுட்ட."

"அடுப்பு அதுக்கு முந்தி ஏன் சுடல்ல? நான் கத்தின கெழமையில ஏன் சுட்டிச்சி? இப்பவும் அவரு அடுப்புக்கு முன்னாலதான் நிக்காரு, ஸம்ஸியா. இஞ்ச எண்டா ஓடிப்போய்ப் பாக்கலாம். அங்க என்ன செய்ற?"

வெள்ளிக்கிழமைக்கு இன்னும் நாலு நாள் இருந்தது.

செவ்வாய்க்கிழமை, மகள் பள்ளிக்கூடம் போனபின், மைமூனா தனியாகக் கதவைச் சாத்திக்கொண்டு, வெறுங் கேசட்டைப் போட்டு, சிவப்புப் பொத்தானையும் பக்கத்துப் பொத்தானையும் சேர்த்து அமுக்கினாள். ஸலாம் சொன்னாள். கிணற்றுத் தண்ணீர் வற்றியதைச் சொன்னாள், ஆடு மூன்று குட்டி போட்டதைச் சொன்னாள், கூரையில் ஒழுக்கு விழுகிற இடத்தைச் சொன்னாள். பெயர் சொல்ல வேண்டிய இடம் வந்தது. மூச்சை இழுத்துப் பிடித்துத் தொடங்கினாள். முதல் எழுத்து வந்தது. அதற்குமேல் வாழையிலையில் கிடந்த அந்தக் கை கண்ணில் வந்து நின்றது. அவ்வளவுதான், வாய் பூட்டிக்கொண்டது.

போட்டுக் கேட்டாள். ஆட்டுக்குட்டி விசயமெல்லாம் நன்றாகத்தான் இருந்தது. கடைசியில் தெளிவாக, உறைப்பாக, "சீ!" என்று ஒரு சத்தம். பிறகு ஒன்றுமில்லை. பதினாலு மாதம் பெயரைக் கேட்கத் தவம் கிடந்த மனுஷனுக்குச் "சீ!" என்று மட்டும் பதில் போனால் அவர் கதி என்ன? மைமூனா அழுகையும் சிரிப்புமாக அதை அழித்துப்போட்டாள். புதன்கிழமை காலையும் அழித்தாள். அன்று எழுத்துக்கூட வரவில்லை.

புதன்கிழமை பின்னேரம் ஸம்ஸியா பள்ளிக்கூடம் விட்ட கையோடு வந்தாள். கையில் செங்கல் அளவில் ஓர் அகராதி. பயிற்சிக் கலாசாலையில் பரிசாகக் கிடைத்தது. அதை அவள் வீட்டை விட்டு வெளியே கொண்டுவருவதே அபூர்வம்.

"ஒம்பதாம் வகுப்புக்கு இண்டைக்குச் சொல்வதெழுதுதல் வெச்சன். ஒண்ட சுகரையும் குடுத்தன். முப்பத்தாறு பேர்ல இருவத்தொம்பது பேர் எஸ்ஸுக்குப் பக்கத்துல எச் போட்டிரிக்காங்க. 'ஷ' எண்டு சொல்லிட்டு எஸ்ஸ மட்டும் ஏன் டீச்சர் எழுதுற எண்டு கேட்டாங்க. எனக்குத் தெரியல்ல. வெக்கமாப் போச்சு. வந்து இதப் பாத்தன்."

"என்ன போட்டிரிக்கி?"

"முந்தி வெள்ளக்காரங்க ஸ்யூகர் எண்டுதான் சொல்லியிரிக்காங்க. சொல்லிச் சொல்லி வாய் வழுகி ஷுகர் எண்டு ஆகிட்டு. எழுத்து மட்டும் நிண்ட எடத்துலயே நிக்கிது."

"எழுத்துல ஒண்டு, வாயில ஒண்டா? அப்ப என்னயப் போலதான் இங்கிலீஷும்" என்றாள் மைமூனா. இரண்டு நாளைக்குப் பிறகு அன்றுதான் அவள் முகத்தில் அழுகை கலக்காத சிரிப்பு வந்தது.

"அது கெடக்கட்டும். இதக் கேளு." ஸம்ஸியா பாயில் சப்பணமிட்டு அகராதியை மடியில் விரித்தாள். "இது வெள்ளக்காரன்ட சொந்தச் சொல்லே இல்ல. பிரெஞ்சுக்காரன்ட வாங்கின. பிரெஞ்சுக்காரனுக்கு லத்தீன்ல இருந்து வந்திரிக்கி. லத்தீனுக்குக் குடுத்த ஆரு, சொல்லு பாப்பம்?"

"எனக்கென்ன தெரியும்?"

"அறபி! அறபியில சுக்கர். வெள்ளக்காரனுக்குச் சீனியும் தெரியா, அதுக்குப் பேரும் தெரியா. சாமானையும் சொல்லையும் சேத்துத்தான் அறபிக்காரங்க கப்பல் ஏத்தியிரிக்காங்க. அறபிக்காரங்களுக்கு அது பாரசீகத்துல இருந்து வந்த. பாரசீகத்துக்கு இந்தியாவுல இருந்து. சமஸ்கிருதத்துல சர்க்கரா."

"அப்ப அது நம்மட சக்கரையெல்லோ!"

"அதான் சொல்றன். ரெண்டும் ஒரு வயித்துப் புள்ளைகள். ஒண்டு ஊரோட இருந்திட்டு, மத்தது உலகம் சுத்திட்டு வந்து ஒண்ட வாயில குந்தியிரிக்கி. இன்னொண்டு கேளு. அந்தச் சர்க்கரா எண்ட சொல்லுக்கு முதல்ல இனிப்பு எண்டே அர்த்தமில்ல. பருமணல், பொடிக்கல்லு. பாக்க அப்பிடி இரிக்கி எண்டு இதுக்கும் அதே பேர வெச்சிட்டாங்க."

மைமூனா தொடையில் அடித்துக்கொண்டாள். "நான் கோணாமலை அண்ணன்ட வெள்ள மண் எண்டு கேட்டதுல என்ன பிழை, சொல்லு! அந்த மனிசன் என்னயக் கடற்கரைக்கு அனுப்பப் பாத்தாரே!"

இருவரும் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டிருக்கும்போதே மைமூனாவின் முகம் மாறியது. கண்ணை ஒரு புள்ளியில் நிறுத்தி எதையோ கணக்குப் பார்த்தாள்.

"ஸம்ஸியா, ஜித்தாவுல கடையில போய் இத என்னெண்டு கேப்பாங்க?"

"சுக்கர் எண்டு."

"பேக்கரியில?"

"அங்கயும் அதான். சாக்குலயும் அதத்தான் எழுதியிரிக்கும். ஒண்ட மனுசன் குர்ஆன் ஓதி முடிச்சவர்தானே, வாசிப்பார்."

ஏழு வருஷமாக அவருடைய பெயருக்குப் பதிலாக அவள் சொல்லிவந்த சொல், வெறும் சாமானின் பெயராக அவளுக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. சுகர் என்று வாய் சொல்லும்போதெல்லாம் மனம் அவரைத்தான் கூப்பிட்டது. அந்தச் சொல்லை இப்போது அவரைச் சுற்றி நிற்கிறவர்கள் காலையிலிருந்து மாலைவரை கத்துகிறார்கள். சுக்கர் கொண்டுவா, சுக்கர் போதாது, சுக்கரைக் கொட்டாதே. தன்னை ஒருத்தரும் கூப்பிடவில்லை என்று நினைத்துக்கொண்டு அந்த அப்பாவி மனுஷன் அதன் நடுவில் நிற்கிறாரே!

வியாழக்கிழமை காலை அவள் அதைத்தான் பதிந்தாள். இந்த முறை வாய் தடுக்கவேயில்லை. எஸ்ஸும் எச்சும், பிரெஞ்சுக்காரனும் லத்தீனும், பருமணலும் எல்லாம் வந்தது. இடையில் மறந்த இடங்களை ஸம்ஸியா கையைக் காட்டி ஞாபகப்படுத்தினாள். முடிவில், "இஞ்ச பாருங்க, இனி அவங்க அந்தச் சொல்லச் சொல்லக்குள்ள எல்லாம் நான் கூப்புடுறன் எண்டு நெனச்சிக்கங்க. நான் இஞ்ச இரிந்து ஒரு நாளைக்குப் பத்துத் தரம் கூப்புட்டா, அங்க நூறு தரம் கேக்கும்" என்றாள்.

"இதுக்கு மேல ஒருத்தி என்னத்தச் சொல்ற!" என்று ஸம்ஸியா கேசட்டை எடுத்துக் கண்ணில் ஒற்றிவிட்டு, பத்தரை மணிப் பாடத்துக்கு ஓடினாள்.

மைமூனாவும் சந்தோஷமாகத்தான் இருந்தாள். கறி ஆக்கினாள், மகளுக்குத் தலை இழுத்துப் பின்னிவிட்டாள், முற்றம் கூட்டினாள். பின்னேரமாக ஆக, உள்ளே ஏதோ ஒன்று இடறத் தொடங்கியது. அவருடைய கேசட்டை எடுத்து அந்தக் கடைசி இடத்தை மட்டும் இன்னொருக்காப் போட்டாள். "ஒண்ட வாயால. ஒரே ஒருக்கா." நிறுத்தினாள். சோறு கேட்ட மனுஷனுக்கு அரிசி வந்த கதையைச் சொல்லியிருக்கிறோம் என்று பட்டது. கதை நல்ல கதைதான். ஆனால் அவர் கேட்டது அகராதியிடம் அல்ல, தன்னிடம். அந்த நினைப்பு வந்ததும் அவளுக்குத் தன்மேலேயே கோபம் வந்தது.

அஸர் தொழுகைக்குப் பாங்கு சொன்னது. முகம் கைகால் கழுவி வுழூச் செய்து, தொழுகைப் பாயை விரித்துத் தொழுதாள். ஸலாம் கொடுத்துக் கையேந்தினாள்.

தொழுதபின் அவள் கேட்கிற துஆவைப் பற்றி ஒருவருக்கும் தெரியாது. ஸம்ஸியாவுக்குத் தெரியாது, அவருக்கும் தெரியாது. கை வெந்த அந்தக் கிழமையில் தொடங்கியது. முதல் நாள் "அவரக் காப்பாத்து" என்றுதான் கேட்டாள். பிறகு பயம் வந்துவிட்டது. இந்தத் துனியாவில் எத்தனை கோடிப் பெண்கள் "அவரை, அவரை" என்று கேட்கிறார்களோ! அல்லாஹ் எல்லாம் அறிந்தவன்தான். ஆனாலும் ஆளைக் குறிக்காமல் கேட்க அவளுக்கு மனம் ஒப்பவில்லை. அன்றையிலிருந்து ஒவ்வொரு தொழுகைக்குப் பின்னும், உதடு அசைய, அவருடைய முழுப் பெயரையும் சொல்லித்தான் கேட்டுவந்தாள். ஆயுசைக் கொடுக்கிறவனிடமே ஆயுசைக் கேட்கும்போது ஆயுசு எப்படிக் குறையும்? அதைப் பெயர் சொன்னதாக அவள் கணக்கிலேயே எடுத்ததில்லை.

அன்றைக்கும் வழக்கம்போல அந்த இடத்துக்கு வந்தாள். வந்து, ஏந்திய கை ஏந்தியபடி நின்றுபோனாள். கட்டில் ஓரத்தில் அந்த றேடியோப் பெட்டி இருந்தது.

எழுந்து போய் அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். துஆ அடியாளுக்கும் படைத்த றப்புக்கும் இடையில் உள்ளது. அதைப் பதிவது முறையா? நாலு பேருக்குக் காட்டத் தொழுகிற மாதிரி ஆகிவிடாதா? அவர் காதில் விழுந்தால் பெயர் சொன்ன குற்றம் வந்து சேருமா? பிறகு, பெயரை இரண்டாகப் பிரித்துத் தீர்ப்புச் சொன்ன அதே மைமூனா இதற்கும் ஒரு தீர்ப்புச் சொன்னாள். நான் அவரோடு கதைக்கவில்லை. படைத்தவனோடு கதைக்கிறேன். பக்கத்தில் நிற்கிற மனுஷனின் காதில் விழுந்தால் விழட்டும்.

காலையில் தான் பதிந்த கேசட்டை எடுத்து மறுபக்கம் திருப்பிப் போட்டாள். பொத்தான்களை அமுக்கிவிட்டு, பெட்டியைத் திரும்பிப் பார்க்காமல் பாயில் வந்து இருந்தாள்.

"யா அல்லாஹ். என்ட சீனிமுகம்மதுவக் காப்பாத்து. உதுமான்கண்டுட மகன் சீனிமுகம்மது, ஜித்தாவுல பேக்கரியில நிக்காரு. சீனிமுகம்மதுட கையக் காப்பாத்து. அடுப்புலயிருந்து காப்பாத்து. அவரு திண்டாரா, தூங்கினாரா எண்டு எனக்குத் தெரியா, ஒனக்குத் தெரியும். மக்கத்துக்குப் பக்கத்துல, ஒண்ட கதவடியிலதான் நிக்காரு, கைவிட்டிராத. சீனிமுகம்மதுட ஆயுச நீட்டிக் குடு. போதாட்டி என்டதுல எடுத்துக் குடு. என்ட சீனிமுகம்மதுவ இந்த வாசல்ல கொண்டுவந்து சேத்திடு, றஹ்மானே."

குரல் பாதியில் உடைந்தது. உடைந்தபடியே முடித்தாள்.

வெள்ளிக்கிழமை அபுல் ஹஸன் வந்து கேசட்டை வாங்கிக்கொண்டு போனார். மறுபக்கத்தைப் பற்றி அவள் ஸம்ஸியாவிடம் மூச்சு விடவில்லை. அதற்குப் பிறகு அவள் பட்ட பயத்தைப் படைத்தவன் ஒருவனே அறிவான். தெருவில் சைக்கிள் மணி கேட்டால் தந்திக்காரனோ என்று வாசலுக்கு ஓடினாள். அவசரப்பட்டோமோ, அந்த மனுஷனை நானே அடுப்புக்குள் தள்ளிவிட்டேனோ என்று ஒவ்வொரு நாளும் கிடந்து தவித்தாள். கோணாமலைகூட, "தங்கச்சிக்கு மேலுக்கு ஏலாதா? சுகர் வாங்க வந்திட்டு வெங்காயத்த வாங்கிட்டுப் போறியள்" என்று கேட்டார்.

நாற்பத்தோராம் நாள் தபால்காரர் நீலக் கடிதம் ஒன்றைக் கொண்டுவந்தார். விலாசம் அவருடைய கையெழுத்து. அதைப் பார்த்ததும் மைமூனா வாசல்படியிலேயே இருந்துவிட்டாள். ஸம்ஸியா ஓடிவந்து பக்கத்தில் இருந்தாள்.

"சத்தமா வாசி புள்ள."

மைமூனா வாசித்தாள். "அன்புள்ள மைமூனா, அஸ்ஸலாமு அலைக்கும். கேசட் கிடைத்தது. சுக்கர் கதையை நான் இங்கே எல்லோருக்கும் சொன்னேன். எனக்குத் தெரிந்த அறபியில் சொல்லி, மிச்சத்தைக் கையால் காட்டினேன். எகிப்துக்காரப் பாஸ் சிரித்துச் சிரித்து மாவுக்குள் விழப் பார்த்தார். அன்றையிலிருந்து என்னை அவர் முகம்மது என்று கூப்பிடுவதில்லை. 'யா சுக்கர்' என்றுதான் கூப்பிடுகிறார். அவர்கள் ஊரில் சின்னப் பிள்ளைகளைக் கொஞ்சத்தான் அப்படிக் கூப்பிடுவார்களாம். மீசை வைத்த என்னைக் கூப்பிடுகிறார்கள். பரவாயில்லை, இப்போது நான் ஒருத்தன் மட்டும்தான் திரும்புகிறேன். ஸம்ஸியா டீச்சருக்கு என் ஸலாமைச் சொல்லு. அந்தப் புத்தகத்துக்கும் சொல்லு."

ஸம்ஸியா கை தட்டினாள். "நான் சொல்லல்லயா! அகராதிய ஆருண்டு நெனச்சாய்!" கண்ணைத் துடைத்துக்கொண்டு, "மறுகா என்ன எழுதியிரிக்கார்? இன்னும் ரெண்டு வரி கெடக்கே" என்று எட்டிப் பார்த்தாள்.

மைமூனா கடிதத்தை நெஞ்சோடு சாய்த்துக்கொண்டாள். அந்த இரண்டு வரியையும் சத்தமில்லாமல்தான் வாசித்தாள்.

"மற்றப் பக்கத்தைப் பற்றி நான் ஒருவரிடமும் சொல்லவில்லை. ஒவ்வொரு தொழுகைக்குப் பிறகும் ஒருக்காப் போட்டு, நீ கேட்டு முடிக்கிற இடத்தில் நான் ஆமீன் சொல்கிறேன்."